கதவுக்கு மேலே ஒரு தொட்டி

எங்கள் கட்டிடத்தில் அக்காவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நாள்கூட வகுப்பில் நின்று பாடம் நடத்தியதில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு தடவை ஏதோ பார்சல் கொடுக்க மேலே வந்தவர், சாப்பாட்டு மேசையில் அவள் தாளும் ஸ்கேலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா பேப்பர் திருத்துறாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து டீச்சர். அக்காவும் மறுத்துச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். அதுவுமில்லாமல், உண்மை அப்படியொன்றும் கௌரவமானதில்லை.

உண்மை இதுதான். எங்கெங்கோ இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் தங்கள் வீட்டுப்பாடத்தை ஒரு இணையதளத்தில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள். என் அக்கா அதைச் செய்து கொடுப்பாள். அவளுக்கு வருவது இரண்டே பாடம். ஒன்று ஸ்டாடிக்ஸ்: நிற்கிற பொருள் ஏன் விழாமல் நிற்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று மெக்கானிக்ஸ் ஆஃப் மெட்டீரியல்ஸ்: அதன் தலையில் எவ்வளவு ஏற்றினால் வளையும், எப்போது ஒடியும் என்று பார்ப்பது. இதை அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "முதல் பாடம் கல்யாணம், ரெண்டாவது பாடம் குடும்பம்" என்று நான் சொன்னேன். அத்தான் பக்கத்தில் இருந்ததால் அவள் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். தங்கை. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது என் வேலை. எனக்கும் ஒரு கல்யாணம் நடந்து, அது சரிப்பட்டு வராமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள். அக்கா மகள் குட்டியின் அறையில் எனக்கொரு கட்டில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அக்காவுக்கு வராது. எங்கள் அம்மா பங்கு பிரித்தபோது எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டாள் போல.

அக்கா படிப்பில் சுட்டி. கல்லூரியில் பாதி வகுப்பு இந்த இரண்டு பாடத்திலும் கோட்டைவிட்டுக் கொண்டிருந்தபோது இவள் பையன்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் ஒரு கட்டிட கான்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. கல்லும் கம்பியும் பார்க்கப் போகிறோம் என்று புது ஷூ வாங்கினாள். அந்த ஷூவில் மண் ஒட்டவே இல்லை. பெரிய இன்ஜினியர் அவளை ஏசி அறையில் உட்காரவைத்து, வேறு யாரோ போட்ட வரைபடங்களை மறுபடி வரையச் சொன்னார். சைட்டுக்கு வருகிறேன் என்று கேட்டபோதெல்லாம், "வெயில்ல உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம்?" என்றார். குட்டி பிறந்தாள், பிறந்ததிலிருந்து மூச்சிரைப்பு. வேலையை விட்டாள். பிள்ளை கொஞ்சம் தேறிப் பள்ளிக்கூடம் போன பிறகு மறுபடி வேலை தேடினால், போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்? "பிள்ளையை வளர்த்தேன்" என்பாள். அதற்கு எதிரே இருப்பவர் தலையை ஆட்டுகிற விதத்திலேயே முடிவு தெரிந்துவிடும் என்று ஒருநாள் சொல்லி அழுதாள். ஒரு செங்கல் சுவருக்கு எதிரே நின்று நம் கையால் கட்டிய வேலை என்று சொல்ல அவளுக்கு இந்த ஜென்மத்தில் கொடுத்துவைக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது இந்த வீட்டுப்பாட வேலை. ஒரு பரீட்சை வைத்தார்கள், எழுதினாள், எடுத்துக்கொண்டார்கள். முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. கேட்கிற பிள்ளை யாரென்று இவளுக்குத் தெரியக் கூடாது, இவள் யாரென்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. அது கம்பெனியின் சட்டம். விடை பிடித்தால் பிள்ளை கட்டைவிரலை மேலே காட்டும். பிடிக்காவிட்டால் கீழே காட்டும். மேலே காட்டிவிட்டால் கேள்வி பூட்டப்பட்டுவிடும், அதன் பிறகு யாரும் அதில் ஒரு எழுத்து சேர்க்க முடியாது.

பிள்ளைகள் கேட்கிற அழகே தனி. "அவசரம்", "ப்ளீஸ், உயிர் போகுது", "வகுப்புக்குள்ள நுழைஞ்சுட்டேன், சீக்கிரம்." ஒருவன் பரீட்சை ஹாலில் இருந்துகொண்டே மேசைக்கடியில் படம் எடுத்து அனுப்பியிருந்தான், படத்தில் பாதி அவன் முழங்கால். அக்கா எல்லோரிடமும் பொறுமையாக இருப்பாள். "பாவம்டி, தலைகால் புரியாம தவிக்குதுங்க" என்பாள். எனக்கென்னவோ, தலைகால் புரியாதவனெல்லாம் நாளைக்குப் பாலம் கட்டப்போகிறான் என்ற பயம்தான் வரும்.

அவளுடைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. பாடப்புத்தகக் கணக்கில் எப்போதும் ஒரு கதை இருக்கும். ஒரு பெயின்டர் ஏணியில் ஏறுவார். ஒரு தோட்டக்காரர் தள்ளுவண்டியைத் தள்ளுவார். கணக்குத் தெரியாத பிள்ளைகள் அந்தக் கதையிலேயே சிக்கிக்கொள்ளும் என்பாள். அதனால் கேள்வி வந்ததும் முதல் வேலையாக ஒரு தாளில் கோடு கிழித்து, எண்களை மட்டும் எடுத்து அதில் போடுவாள். பெயின்டர் போய்விடுவார், எழுபது கிலோ நிற்கும். "கதையத் தூக்கிப் போடு, கணக்க எடு." குட்டிக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரும்போதும் இதே மந்திரம்தான். குட்டி அதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டு வீடு முழுக்கத் திரிவாள்.

அந்தத் தாளில் சுவரை வரைவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு நேர்கோடு, அதன் முதுகில் சாய்வாகச் சில கீறல்கள். அவ்வளவுதான் சுவர். அந்தச் சுவரில் ஒரு கம்பியைச் செருகினால் அது அசையாது. வீட்டுப்பாடத்தில் சுவர் விரிசல் விடாது, ஈரம் ஏறாது, சிமென்ட் உதிராது. கேள்வி முழுக்கக் கம்பியைப் பற்றித்தான் இருக்கும். சுவரைப் பற்றி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரு சாதாரண மத்தியான நேரத்தில் அது வந்தது. நான் விடுமுறையில் சோபாவில் படுத்திருந்தேன். சுவரிலிருந்து இரண்டு சதுர இரும்புக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீளம் ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர். அவற்றின் மேல் தண்ணீர் நிரம்பிய ஐந்நூறு லிட்டர் தொட்டி. குழாயின் அகலம், தடிமன் எல்லாம் கொடுத்திருந்தது. இரும்பு இருநூற்றைம்பது மெகாபாஸ்கல் அழுத்தம் வரை வளைந்துபோகாமல் நிற்கும் என்றும் கொடுத்திருந்தது. இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. குக்கர் சத்தம் போட்டு அடங்குவதற்குள் முடித்துவிட்டாள். குழாயில் ஏறுகிற அழுத்தம், அதாவது விடை, இருநூற்று ஒன்று. இருநூற்றைம்பதுக்குக் கீழே. கடைசியில் "தாங்கும்" என்று எழுதி அனுப்பினாள். உடனே கட்டைவிரல் மேலே வந்தது. "பாரு, நன்றியுள்ள பிள்ளை" என்று என்னிடம் காட்டினாள். கேள்வி பூட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் குட்டியின் புத்தகங்களுக்கு ஒரு அலமாரிப் பலகை அடிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர், அளவு விஷயத்தில் ஒரு மயிரிழை விடமாட்டார். டேப்பை இழுத்துச் சுவரில் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"எண்பத்து மூணு சென்டிமீட்டர், ரெண்டு மில்லி."

"என்னப்பா இது, கேவலமான நம்பரா இருக்கு? எண்பதுன்னு இருக்கக் கூடாதா?" என்றாள் குட்டி.

"சுவரு உங்கம்மா கணக்குப் புத்தகத்திலயா இருக்கு, முழுசா வர்றதுக்கு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சமையலறையில் கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா பேயறைந்தது போல நிற்கிறாள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

"ஒரு மீட்டர் முப்பத்தேழு" என்றாள்.

"என்னது?"

"வீட்டுப்பாடத்துல யாருமே முப்பத்தேழுன்னு குடுக்க மாட்டாங்கடி. ஒன்றரை மீட்டர், ரெண்டு மீட்டர், இப்படித்தான் வரும். முப்பத்தேழுன்னா யாரோ டேப்ப வெச்சு அளந்திருக்காங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் மேசைக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தாள். பூட்டிய கேள்வியைத் திருத்த முடியாதே தவிரப் படிக்கலாம். இந்தத் தடவை கதையைத் தூக்கிப் போடாமல் முழுதாகப் படித்தாள், எனக்கும் படித்துக் காட்டினாள். "வாசல் கதவுக்கு மேலே, செங்கல் சுவரில்" என்று இருந்தது. எந்த வீட்டுப்பாடமும் தொட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லாது. எந்த வீட்டுப்பாடமும் "காண்க" என்று முடியும். இது "தாங்குமா?" என்று முடிந்திருந்தது.

யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலுக்கு மேலே நிஜமாகவே ஒரு தொட்டி வைக்கப்போகிறார். இன்ஜினியரைக் கூப்பிட வழியில்லையோ, மனசில்லையோ, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறார். என் அக்கா தாங்கும் என்று எழுதிவிட்டாள்.

"தாங்கும்தானே? இருநூத்தம்பதுக்குக் கீழதானே வந்துச்சு?" என்று கேட்டேன்.

"குழாய் தாங்கும்டி. அதுவும் கழுத்தளவு வந்து நிக்குது. நிஜத்துல கட்டறவங்க நூத்தம்பது, நூத்தறுபதைத் தாண்டவே விடமாட்டாங்க. சுவர் தாங்குமா? அரை டன் தண்ணி அந்தக் குழாயோட நுனிய கீழ இழுக்கும்போது, உள்ள இருக்கிற முனை செங்கல்லப் பேத்துக்கிட்டு மேல எழும்பும். நான் சுவரப் பாக்கவே இல்ல. கீறல் போட்டுட்டு விட்டுட்டேன்."

அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரே ஒரு வரி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம். உங்கள் விடை தவறா?" என்று கேட்டது மறுமுனை.

"விடை சரி" என்று எழுதினாள்.

"அப்படியானால் பிரச்சினை என்ன?"

"விடை சரியாக இருப்பதுதான் பிரச்சினை. அது வீட்டுப்பாடம் இல்லை. நிஜமான தொட்டி. கேட்டவருக்கு ஒரு வரி சொல்ல வேண்டும்."

"விடையளிப்பவர் மாணவரைத் தொடர்புகொள்ள அனுமதியில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

எனக்கு வந்த கோபத்தில் திரையைக் குத்தியிருப்பேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வழியைத் தேடினாள். விடை தவறு என்று புகார் கொடுத்தால் கம்பெனி அதை ஆராயும், தவறு என்று தெரிந்தால் கேட்டவருக்குச் செய்தி அனுப்பும். அதனால் தன்னுடைய சொந்த விடையின் மேல் தானே புகார் கொடுத்தாள். தவறென்று தீர்ப்பானால் அவள் மதிப்பெண் குறையும், வேலையே போனாலும் போகலாம். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. புகார் எங்கோ இருக்கிற ஒரு சரிபார்ப்பவரிடம் போனது. அவரும் இவளைப் போன்ற ஒரு கணக்குக்காரர்தான். மறுநாள் பதில் வந்தது: "சரிபார்த்தோம். இருநூற்று ஒன்று. விடை சரி. புகார் தள்ளுபடி."

"அவரும் கதையத் தூக்கிப் போட்டுட்டாருடி" என்றாள் அக்கா.

பிறகு எனக்கொரு யோசனை தோன்றியது. என் பெயரில் மாணவியாகச் சேர்ந்து அதே கேள்வியைப் போடுவோம், யாராவது வேறு விதமாக விடை எழுதினால் அதை வைத்துச் சண்டை போடலாம் என்று. சேர்ந்தேன். வயதுக்குப் பத்தொன்பது என்று போட்டபோது குட்டி கைதட்டிச் சிரித்தாள். கேள்வியை அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: பழைய செங்கல் சுவர், கீழே வாசல், அதில் ஆட்கள் போய்வருவார்கள், ஒருவேளை குழந்தைகளும் இருக்கலாம். எவ்வளவு கதை போட முடியுமோ அவ்வளவும் போட்டோம். டீ ஆறுவதற்குள் விடை வந்தது. அழகான கையெழுத்து, சுத்தமான படம், சுவருக்கு ஒரு கோடும் சாய்ந்த கீறல்களும். இருநூற்று ஒன்று. தாங்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தானுக்கு விஷயம் தெரிந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். சமாதானம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"நான் காகிதம் வெட்டிக் குடுக்கிறேன். அதுல என்ன அச்சடிக்கிறாங்கன்னு படிச்சுக்கிட்டா இருக்கேன்? கேட்டத குடுத்த. அதோட விடு."

"படிச்சிருக்கலாம்ல?" என்றாள் அக்கா. அவரிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை. அத்தான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவளோடு தெருவில் நடப்பதே ஒரு தண்டனை. கடைக்குக் கிளம்பினால் ஒவ்வொரு வாசலிலும் அண்ணாந்து பார்ப்பாள். ஏசி பெட்டி, பெயர்ப்பலகை, சன்னலுக்கு வெளியே தொங்கும் பூந்தொட்டி, எதையும் விடமாட்டாள். எதிரே வருகிறவர்கள் மேல் மோதுவாள். "அந்த ஆள் இந்த ஊர்லயே இல்ல, உலகத்துல எந்த மூலையிலயோ இருக்கான்" என்று நான் கத்துவேன். "தெரியும்" என்பாள். தெரிந்தும் அண்ணாந்து பார்ப்பாள். செய்தியில் எங்காவது எதுவாவது இடிந்து விழுந்தது என்று வந்தால் படத்தைப் பெரிதாக்கிக் குழாயைத் தேடுவாள். ஒருநாள் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலையிலும் மந்தமாகிவிட்டாள். இப்போது எல்லாக் கதையையும் கடைசிவரை படித்தாள். தள்ளுவண்டிக்காரர் எங்கே போகிறார் என்று பார்த்தாள். விடைக்கு அடியில், "இது நிஜமாகக் கட்டப்போகிற பொருளாக இருந்தால் தயவுசெய்து நேரில் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தாள். விடைக்குச் சம்பந்தமில்லாத வரிகள் எழுதக் கூடாது என்று கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. சேர்ப்பதை நிறுத்திவிட்டு, சில நாளில் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி எச்சரிக்கை. வேலை போனால் குட்டியின் மருந்துக்கு என்ன செய்வது என்று அத்தான் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வரியை நிறுத்தினாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் நான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"நிக்குதுடி! இன்னும் நிக்குது!"

திரையில் அதே கேள்வி. அதே இரண்டு குழாய்கள், அதே முப்பத்தேழு, அதே வாசல் கதவு. ஒன்றுதான் மாறியிருந்தது: ஐந்நூறு லிட்டர் தொட்டிக்குப் பதிலாக ஆயிரம் லிட்டர். "முன்பு வைத்தது நன்றாக இருக்கிறது. பெரியது வைத்தால் தாங்குமா?" என்று கேட்டிருந்தது. அதாவது இத்தனை நாளும் அது விழவில்லை. யாரும் சாகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் கீழ்வீட்டுத் தையல்காரர் என்னவோ ஏதோவென்று மேலே வந்துவிட்டார். "டீச்சருக்குப் பரிசு ஏதும் விழுந்திருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். கணக்கு ஒரு வரிதான்: நானூற்று இரண்டு, தாங்காது. அதற்குக் கீழே எச்சரிக்கையாவது ஒன்றாவது என்று ஒரு பக்கம் எழுதினாள். சுவரைப் பற்றி எழுதினாள். பழைய தொட்டியையும் இன்றே இறக்கிவிடச் சொன்னாள். "முன்பு தாங்கும் என்று எழுதியது நான்தான். உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டியபோது, "இன்னும் லேசா சொல்லு, படிக்கிறது சின்னப் பிள்ளையா இருக்கும்" என்றேன். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் கீழே வந்தது.

நாங்கள் அதை லட்சியமே பண்ணவில்லை. "கீழ காட்டினா காட்டிட்டுப் போறாங்க. படிச்சாச்சுல்ல?" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அக்கா வாய்விட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அத்தான்கூட வந்து, "என்ன, உங்க தொட்டி இறங்கிடுச்சா?" என்று கேலி செய்தார்.

மறுநாள் குட்டி அத்தான் அடித்த பலகையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். அக்கா மேசையில் உட்கார்ந்து, வந்திருக்கும் கேள்விகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கேள்வியின் முதல் இரண்டு வரிகள் அதில் தெரியும். பிடித்ததைத் தொட்டு எடுத்துக்கொள்ளலாம்.

"ஐயோ" என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு மீட்டர் முப்பத்தேழு. வாசல் கதவுக்கு மேலே, செங்கல் சுவர். ஆயிரம் லிட்டர் தொட்டி. இந்தத் தடவை நான்கு குழாய்கள்.

அந்தக் கேள்வி மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அக்கா தொட்டுப் பார்த்தாள், திறக்கவில்லை. விரலைக் கீழே காட்டிய மாணவரை மறுபடி அதே ஆளிடம் அனுப்பமாட்டார்களாம். அதுவும் ஒரு சட்டம். அவள் திரும்பத் திரும்பத் தொட்டாள், அழுத்தித் தொட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டுக்காரர் அவள் எழுதியதைப் படித்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். தாங்காது என்ற விடை பிடிக்கவில்லை, தாங்கும் என்று சொல்கிற விடை கிடைக்கும்வரை கேட்கிறார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துவராதபோது எல்லாப் பிள்ளைகளும் செய்வது இதுதான்.

"என் பேர்ல உள்ள போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"நீ கேக்கிற ஆளு. பதில் எழுத உன்ன விடமாட்டாங்க."

கேள்வியின் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வந்தது. எங்கோ யாரோ விடை எழுத அதை எடுத்துவிட்டார்கள். "எடுக்காத, எடுக்காத, முழுசா படி" என்று அக்கா முணுமுணுத்தாள். அந்த ஆளும் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் அடுப்பில் ஏதாவது இருக்கலாம். கோடு கிழித்து எண்களை எடுத்துக்கொண்டிருப்பார்.

கணக்கு வராத எனக்கே அந்தக் கணக்கு புரிந்துவிட்டது. பாரம் இரண்டு மடங்கு, குழாயும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு குழாய்க்கும் பழைய பாரம்தான். சுவர் மட்டும் ஒன்றே ஒன்று, இப்போது ஒரு டன்னை அது பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சுவரைப் பற்றிக் கேள்வியில் எதுவும் கேட்கவில்லை.

பூட்டு மறைந்தது. அதே இடத்தில் கட்டைவிரல் மேலே வந்து நின்றது.

குட்டி புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். "என்னம்மா விடை?"

"இருநூத்தி ஒண்ணு" என்றாள் அக்கா.

அவள் அழுவாள் என்று நினைத்து நான் அவள் தோளில் கை வைத்தேன். நகச்சாயம் அவள் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அந்த வாசல்ல நிக்காதீங்க" என்று சத்தமாகச் சொன்னாள். "தயவுசெஞ்சு பின்பக்கமா போய்வாங்க."

அதைக் கேட்க வீட்டில் நானும் குட்டியும்தான் இருந்தோம்.